உள்பக்கத் தாழ்ப்பாள்

பழுது பார்க்கப் போகும் வீடுகளில் இரண்டு வகை ஆட்களைப் பார்த்திருக்கிறேன். "நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுபோச்சு" என்று கையைப் பிசைகிறவர்கள் ஒரு வகை. என்ன கோளாறு என்று நமக்கே பாடம் எடுக்கிறவர்கள் இன்னொரு வகை. இந்தத் தொழிலுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இரண்டு வகையையும் நான் நம்பியதில்லை. கோளாறு, கணினி தானே எழுதி வைக்கும் லாக் கோப்பில் இருக்கும், வீட்டுக்காரர் வாயில் இருக்காது என்பது என் கட்சி.

சாந்தாமணி அம்மா இரண்டிலும் சேரவில்லை. சிங்காநல்லூரில் அவர் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தணிந்த குரலில் சொல்லிவிட்டார்.

"கண்ணு, நான் உள்ள போனா மட்டுந்தான் திரை போகுது. வேற ஆரு போனாலும் ஒண்ணும் ஆகறதில்ல."

"மெஷினுக்கு ஆளு தெரியாதும்மா," என்று சிரித்தேன். "உள்ள வர்றது நீங்களா நர்ஸான்னு அதுக்கு என்ன தெரியும்?"

அவர் சிரிக்கவில்லை. "மூணு நாளா நான் உள்ளயே போகல," என்றார்.

உள்ளே படுத்திருந்தவர் அவருடைய கணவர் சென்னியப்பன். முப்பது வருடம் பம்ப்செட் பட்டறை நடத்தியவர். பதினான்கு மாதத்துக்கு முன் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, உடம்பு மொத்தமும் நின்றுவிட்டது. காது கேட்கும், கண் தெரியும், புத்தி முழுசாக இருக்கிறது. ஆனால் நாக்கு அசையாது; இமைகூடச் சொன்ன பேச்சு கேட்காமல் பாதி திறந்தபடி நிற்கும். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் எங்கள் நிறுவனம் மனத்திரையைச் செய்கிறது. தலைக்குள் ஓர் அரிசி அளவுக்குக் கருவி வைப்பார்கள். மனதில் அவர் எதைப் பார்க்கிறாரோ அதை எதிர்ச்சுவரில் இருக்கும் பெரிய திரையில் கணினி வரைந்து காட்டும். எழுத்து வராது, குரல் வராது. படம் மட்டும்.

பொருத்திய முதல் நாள் சாந்தாமணி அம்மா, "ஏனுங்க, நான் பேசறது கேக்குதுங்களா?" என்று கேட்டாராம். திரையில் ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்று சுழன்று ஓடியது. அன்றிலிருந்து மோட்டார் ஓடினால் ஆமாம், நின்றால் இல்லை.

உடம்பு விசாரிக்க வருவதை நம் ஆட்கள் எக்காலத்திலும் விடமாட்டார்கள். வயிற்றில் குழாய் வழியாகச் சாப்பிடுகிறவருக்கு ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கி வந்து அலமாரியை நிரப்பியிருந்தார்கள். முன்பெல்லாம் விசாரிக்க வந்தவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்து இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். இங்கே நோயாளிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மாப்ள, என்னைத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, தங்களைப் பற்றி அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று பார்க்கக் காத்திருந்தார்கள். மனதை ஒரு மனிதர் எவ்வளவு நேரம்தான் பிடித்து வைக்க முடியும்? ஒரு சித்தப்பாவைப் பார்த்ததும் திரையில் எருமை வந்துவிட்டதாம். சித்தப்பா அதோடு போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார்.

மெல்போர்னில் இருக்கும் மகன் நவநீதன் இன்னும் ஒரு படி மேலே போனான். வெளியூர்க்காரர்களும் பார்க்கட்டும் என்று ஒரு நண்பனை வைத்து இணையப் பக்கம் எழுதி, மனத்திரையை பிரவுசரில் ஓடவிட்டு, அந்த இணைப்பை உறவினர் குழுவில் போட்டுவிட்டான். குழுவில் நூற்றுப் பன்னிரண்டு பேர். அப்பா தனியாக இல்லை என்று அவனுக்கு ஒரு நிம்மதி.

அதிலிருந்துதான் கோளாறு. திரை திடீரென்று கறுத்துவிடும். கிராபிக்ஸ் டிரைவர் செயலிழந்தது என்று ஒரு வரி வரும். கணினி எழுந்து நின்று மறுபடி படம் வர ஏழெட்டு நிமிடம் ஆகும். மருத்துவமனைக்கு ஒரு விதி உண்டு: தொண்ணூறு நாளில் நூறு முறை திரை இப்படிக் கறுத்து விழுந்தால், கருவி இந்த நோயாளிக்கு ஒத்துவரவில்லை என்று எழுதி, தலையில் இருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்ததைத் திருப்பிப் பொருத்த முடியாது. நான் போன அன்று எண்ணிக்கை தொண்ணூற்றொன்று.

"நான் போனா எண்ணிக்கை ஏறுது," என்றார் சாந்தாமணி அம்மா. "போகலைன்னா, பொண்டாட்டி எட்டிக்கூடப் பாக்கலைன்னு அவரு நெனப்பாரு. கதவுக்கு வெளியவே நின்னுட்டிருக்கேன் கண்ணு. நர்ஸ் பொண்ணுதான் தொடைச்சு விடுது, மருந்து ஊத்துது. நானு செவுத்தைப் பிடிச்சுட்டு நிக்கறேன்."

சரி பண்ணித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பழுது பார்ப்பவள் கொடுக்கவே கூடாத வாக்கு அது.

முறையாகத்தான் ஆரம்பித்தேன். படம் வரையும் கிராபிக்ஸ் கார்டை ஓட்டும் பழைய டிரைவர் மென்பொருளைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கார்டின் சூட்டை அளந்தேன், மின்சாரம் பார்த்தேன், மெமரியைச் சோதித்தேன். எல்லாம் ஒழுங்கு. எங்கள் நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் மனத்திரையை இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன், விழவில்லை. இதுவரை விழுந்ததெல்லாம் பிரவுசரில்தான். அப்புறம் என்ன, பிரவுசரை மூடிவிட்டு எங்கள் மென்பொருளிலேயே ஓட்டலாமே என்று நவநீதனைக் கூப்பிட்டேன்.

"அதுல வெளிய இருந்து பார்க்க முடியாதுங்களே மேடம்," என்றான். "பெரியம்மா, அத்தை எல்லாம் காலைல எந்திரிச்சதும் அப்பாவைத்தான் பார்க்கறாங்க. அவரு உயிரோட இருக்கறதே அதுலதான் இருக்கு. நீங்க பிரவுசரையே சரி பண்ணுங்க."

மரியாதையான பையன்தான். அப்பாவின் மனதை நூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் திறந்துவிட்டோம் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. எனக்கும் அன்று உறைக்கவில்லை. நான் இன்னும் கார்டைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்து, கார்டு உதவியில்லாமல் பிரவுசர் தானே படத்தை வரையட்டும் என்று அமைப்பை மாற்றினேன். விழவில்லை. ஆனால் படம் ஒன்பது நொடி பிந்தி வந்தது. அந்த நேரம் பார்த்துக் காங்கேயத்திலிருந்து சென்னியப்பனின் மச்சான் சாத்துக்குடிப் பையோடு வந்து உட்கார்ந்தார். நர்ஸ் அப்போதுதான் மலத்தட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

"மச்சான், நான் வந்திருக்கறேன். என்னை எப்படி நெனைக்கறீங்கன்னு காட்டுங்க பாப்போம்," என்றார்.

திரையில் மலத்தட்டு வந்தது. பெரிதாக, தெளிவாக.

எனக்குச் சிரிப்பு முட்டியது. திரும்பிப் படுக்கையைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. அந்த மனிதரின் பாதிக் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. தன்னைத் துடைத்துவிட்டதை உறவுக்காரர்கள் மொத்தப் பேரும் பார்த்தார்கள் என்று அவருக்குத் தெரியும். அமைப்பைப் பழையபடி மாற்றி வைத்தேன்.

மறுநாள் காலை வேறு வழியில்லாமல் சாந்தாமணி அம்மாவிடம் சொன்னேன். "ஒரே ஒரு தடவை உள்ள வாங்கம்மா. நான் திரையைப் பார்த்துட்டே இருக்கேன்."

"எண்ணிக்கை ஏறுமே கண்ணு."

"ஒண்ணு ஏறட்டும்."

முதலில் நர்ஸ் வந்தாள்; ஒன்றும் ஆகவில்லை. நான் வெளியே போய்விட்டு வந்தேன். திரையில் காலை வெயிலில் ஒரு லேத் மெஷின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சாந்தாமணி அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சத்தம் வராமல் நிலைப்படியில் கால் வைத்தார்.

லேத் மறைந்தது. அந்த அறையே திரையில் வந்தது. அதே சுவர், அதே திரை. அந்தத் திரைக்குள் அதே அறை. அதற்குள் இன்னொரு திரை, அதற்குள் இன்னொன்று. நான் மூச்சு விடுவதற்குள் எல்லாம் கறுத்தது. தொண்ணூற்றிரண்டு.

"பாத்தீங்களா?" என்றார் சாந்தாமணி அம்மா. "முப்பத்தாறு வருசம். என்ர மூஞ்சிய அவருக்குப் பாக்கப் புடிக்கல."

அவரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, இப்போது எதைத் தேடுவது என்று தெரிந்து லாக்கை மறுபடி திறந்தேன். தொண்ணூற்றிரண்டு தடவையும் ஒரே கதை. சலூனில் எதிரெதிரே இரண்டு கண்ணாடி மாட்டியிருப்பார்கள்; நடுவில் உட்கார்ந்தால் நம் தலை எல்லையில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். சென்னியப்பன் தான் பார்க்கும் திரையையே மனதில் நினைக்கிறார். இணையப் பக்கம் அதை வரைகிறது. வரைந்ததை அவர் பார்க்கிறார், மறுபடி நினைக்கிறார். எங்கள் மென்பொருள் எட்டுக் கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளும். நவநீதனின் நண்பன் எழுதிய பக்கத்தில் அந்த வரம்பு இல்லை. லட்சக்கணக்கான திரைகளைக் கார்டின் தலையில் ஏற்றுகிறது, கார்டு திணறுகிறது, டிரைவர் விழுகிறது.

பிரவுசர் மேல் பழியில்லை, கார்டு மேல் பழியில்லை. மோட்டார்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பாரம் தாங்காமல் போனால் மோட்டார் கருகாமல் இருக்க ஸ்டார்ட்டர் தானே மின்சாரத்தை வெட்டி டிரிப் ஆகும். முப்பது வருடம் பம்ப்செட் பார்த்தவர், தன்னைத்தானே டிரிப் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

"கண்டுபிடிச்சிட்டேன்மா," என்று சாந்தாமணி அம்மாவிடம் சொன்னேன். "ஒரு மணி நேரம் யாரும் உள்ள வர வேண்டாம்."

திரை எழுந்ததும் வெளி இணைப்பை நிறுத்தி, பராமரிப்பு நடக்கிறது என்று ஓர் அறிவிப்பைப் போட்டேன். கதவைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கும் திரைக்கும் இடையில் ஸ்டூல் போட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். திரையைத் திரும்பித்தான் பார்க்க வேண்டும்.

"அண்ணா, என் பேரு எஸ்தர். மெஷின் பார்க்க வந்தவ. இப்ப வெளிய யாரும் பார்க்கல, நான் மட்டும்தான். நீங்களேதான் டிரிப் பண்றீங்களா?"

மோட்டார் ஓடியது.

"அம்மா மேல கோபமா?"

மோட்டார் நின்றது. சட்டென்று, யாரோ சுவிட்சை அடித்தது போல.

"அவங்க வந்தா, அவங்க பார்க்கக் கூடாத நினைப்பு ஏதாவது வருதா?"

மோட்டார் மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. அதன் பின்னால், திரையின் ஓரத்தில், வேறு ஏதோ ஒன்று உருவாகத் தொடங்கியது. ஒரு விளிம்பு, கொஞ்சம் வெளிச்சம். அடுத்த நொடி அறை வந்தது, திரை வந்தது, திரைக்குள் திரை வந்தது. தொண்ணூற்றுமூன்று.

விழும்போது கார்டில் இருந்த கடைசிப் படங்களைக் கணினி ஒரு கோப்பில் சேமித்து வைக்கும். அதைத் திறந்தால் அந்த மனிதர் மனைவியிடம் மறைக்கிறது என்ன என்று எனக்குத் தெரிந்துவிடும். திறக்கத்தான் கை போனது. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அழித்துவிட்டேன். தொண்ணூற்றுமூன்றையும் அழித்தேன்.

திரை மறுபடி வந்ததும் சொன்னேன். "அண்ணா, இதை நான் சரி பண்ணிட்டா உங்க மனசு இருபத்துநாலு மணி நேரமும் இந்தச் சுவத்துல ஓடும். சரி பண்ணலைன்னா இன்னும் ஏழு தடவைதான். அப்புறம் தலையில இருந்து எடுத்துருவாங்க. எடுத்துட்டாப் பரவால்லையா?"

மோட்டார் நின்றது. நின்றபடியே வெகுநேரம் இருந்தது.

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

படம் வர நேரமானது. பட்டறையின் பின்பக்கம், துருப்பிடித்த தகரக் கதவு, கக்கூஸ். கதவின் உள்பக்கம் ஒரு சின்னத் தாழ்ப்பாள். அவ்வளவுதான். அந்தத் தாழ்ப்பாள் திரை முழுவதும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ வசதி வைத்து இந்தக் கருவியைச் செய்தோம். நிறம், வேகம், துல்லியம். உள்ளே இருப்பவர் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொள்ள ஆசைப்படுவார் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"தர்றேன்," என்றேன். "நீங்க எப்பவும் போல கண்ணாடியை நினைங்க. விழறதுக்கு முன்னாடியே நான் பிடிச்சுக்கறேன். திரை கறுக்காது. அதுக்குப் பதிலா நீங்க சொல்ற ஒரு படம் வந்து நிக்கும், பதினஞ்சு நிமிஷம். அதுக்குப் பின்னாடி நீங்க என்ன நினைச்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது. நேரம் முடிஞ்சா மறுபடி போட்டுக்கலாம். எண்ணிக்கையும் ஏறாது. எந்தப் படம் வேணும்னு காட்டுங்க."

சென்னிமலை முருகன் வருவார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் பம்ப்செட். நம் ஆட்கள் இதில் ஒன்றைத்தானே எடுப்பார்கள்.

வந்தது சாந்தாமணி அம்மா. முப்பது வயது இருக்கும். மஞ்சள் மழைக்கோட்டில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, முகத்தில் தண்ணீர் சொட்ட, யாரையோ திட்டிக்கொண்டே பாதியில் சிரிக்க ஆரம்பிக்கும் முகம். அவ்வளவு துல்லியமாக ஒரு படம் அந்தத் திரையில் அதுவரை வந்ததில்லை. மோவாயில் தொங்கும் மழைத்துளிகூடத் தெரிந்தது.

"இதையா?" என்று கேட்டேன்.

மோட்டார் ஓடியது.

அந்தப் படம் வந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கெட்டிக்காரர் என்று முதலில் தோன்றியது. பிறகு, இவ்வளவு பிரியமாக ஒருத்தி முகத்தை மனதில் வைத்திருப்பவர் அவளிடமிருந்தே ஒளிகிறாரே என்று தோன்றியது. இரண்டும் நிஜமாகத்தான் இருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டால் மோட்டார் ஓட வேண்டும் அல்லது நிற்க வேண்டும். இதற்கு இரண்டும் பதிலாகாது.

வேலை முடிய மாலை நாலு மணி ஆனது. வெளி இணைப்பைத் திறந்துவிட்டு சாந்தாமணி அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் நிலைப்படியில் நின்று என்னைப் பார்த்தார்.

"வாங்கம்மா. விழாது."

உள்ளே கால் வைத்தார். ஒரு நொடி அறை தெரிந்தது, திரைக்குள் திரை தெரிந்தது. பிறகு மஞ்சள் மழைக்கோட்டு.

"அய்யோ," என்றார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ சாமி, இது நானு. இது அந்த ஒண்டிப்புதூர் மழை. அன்னைக்கு அவரு சாவிய மறந்துட்டு வந்து, நான் திட்டிப்போட்டு..." கட்டிலுக்கு ஓடி அவருடைய அசையாத கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "ஏனுங்க, இத்தன நாளு இதைத்தான் மறச்சு வச்சிருந்தீங்களா?"

திரையில் படம் அப்படியே நின்றது. மோட்டார் வரவில்லை. கேள்வி கேட்டதையே மறந்து சாந்தாமணி அம்மா அழுதுகொண்டிருந்தார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பையில் ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

உறவினர் குழுவில் இதயங்களும் கைகூப்பல்களும் குவிந்ததாக நவநீதன் நன்றி சொல்லி அனுப்பினான். எங்கள் மேலாளர், சென்னியப்பன் கோப்பை மூடிவிட்டு என்னைப் பாராட்டினார். விழுந்த எண்ணிக்கை தொண்ணூற்றுமூன்றிலேயே நின்றது.

பதினெட்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாந்தாமணி அம்மா கூப்பிட்டார். குரலில் பத்து வயது குறைந்திருந்தது.

"சாப்பிட்டாச்சா கண்ணு? ஒண்ணுமில்ல, சும்மாத்தான் கூப்பிட்டேன். இப்பெல்லாம் நாந்தான் அவரைத் தொடைக்கறது, மருந்து ஊத்தறது எல்லாம். ஒறம்பரைங்க, சொந்தக்காரங்க கூட வர்றதக் கொறச்சுட்டாங்க. ஆரு வந்து என்ன கேட்டாலும் என்ர படந்தான் வருது. காங்கேயத்துக்காரரு, 'உம்மேல இத்தன ஆசையா அவருக்கு'ன்னு கண்ணைத் தொடைச்சுட்டுப் போனாரு. எனக்கு வெக்கமாப் போச்சு."

"நடுவுல வேற படம் வருதுங்களாம்மா?"

"மொதல்ல வந்துட்டிருந்துச்சு. பட்டறை, லேத்து, அப்படி. போன ஞாயித்துக்கெழமையில இருந்து இல்ல. ராவும் பகலும் நாந்தான். ஒரு நிமிசம் மாறல கண்ணு."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அன்று வெள்ளிக்கிழமை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஐந்து நாளாக, அவர் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்.

"அவர்கிட்ட ஏதாவது கேட்டீங்களா? மோட்டார் ஓடுச்சா?"

"மோட்டாரா?" என்று சிரித்தார். "எதுக்கு மோட்டாரு? நான் ஒண்ணும் கேக்கறதே இல்ல. இனிமே கேக்க என்ன இருக்கு?"

போய் ஒரு வரியை மாற்றினால் போதும், தாழ்ப்பாள் திறந்துவிடும். ஆனால் அது அவர் கேட்டு வாங்கியது. இந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்ன மறுநொடி அவர் மறுபடி கதவுக்கு வெளியே போய் நிற்பார். இரண்டு பேரையும் நான்தான் அங்கே வைத்துப் பூட்டியிருக்கிறேன். என்னையும் சேர்த்து.

"கண்ணு, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் கூப்பிட்டேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பார்த்தார் போலிருக்கிறது. "இது மறுபடியும் கெட்டுப்போயிறாதில்ல?"

"கெட்டுப்போகாதும்மா," என்றேன்.